ரெண்டரை

வரலாற்று சார் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது மெல்போர்னில் நள்ளிரவு. தொண்ணூறைத் தாண்டியவர், கல்யாணச் சாவுதான். கீழேயே ஒருவன் எழுதியிருந்தான்: "ரெண்டரை, பார்த்தியா?"

ரெண்டரை நான்தான். எங்கள் செட்டுக்குக் காரணம் தெரியும். பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், 1876–78 பஞ்சம். அடுத்த பஞ்சத்திலாவது தானியம் போய்ச்சேரட்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட பாதைகளில் ஒன்று நம் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி சின்ன ரயில். 1905-இல் திறந்தது, சுமார் 40 கிலோமீட்டர். "ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல அகலம் எவ்வளவு தெரியுமாடா? ரெண்டரை அடி!" என்ற சார், வகுப்பிலேயே குட்டையான என்னை மேஜைமேல் ஏற்றி, காலை அகட்டச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்தார். எட்டவில்லை. "இவன் மேல விட்டா வண்டி கவுந்துடும்" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை.

அவருக்கு அது வெறும் பாடமில்லை என்பது பிறகுதான் புரிந்தது. சின்ன வயதில் அப்பாவோடு அந்த வண்டியில் போனவர். உலகப் போர் முடிவதற்குள் அந்தத் தண்டவாளமே இல்லாமல் போயிற்று. நம் பள்ளி மணி அதில் வெட்டிய துண்டுதான் என்று சத்தியம் செய்வார். அந்தக் கனத்தை இப்போது யோசித்தால் மெயின் லைன் தண்டவாளம் மாதிரிதான் படுகிறது. போகட்டும்.

மெல்போர்னுக்கு வெளியே பஃபிங் பில்லி என்றொரு மலை ரயில் ஓடுகிறது. 1900-இல் வந்த பாதை. 1953-இல் மண்சரிந்து அடைபட்டது, அதோடு மூடிவிட்டார்கள். ஆர்வலர்கள் விடவில்லை, தொண்டர்களாகச் சேர்ந்து 1962-இல் மறுபடி ஓட்டினார்கள். பேத்தியோடு போனபோது அறிவிப்புப் பலகையில் அகலத்தைப் பார்த்தேன்: 762 மில்லிமீட்டர். அதே ரெண்டரை அடி!

அன்றிரவே சாருக்குப் போன் போட்டேன். காது கேட்காது, கத்தித்தான் சொன்னேன். "ஓட்டுறாங்களா? ஆளுங்களே சேர்ந்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம், "கிருஷ்ணகிரி 2004-லயே மாவட்டத் தலைநகரம் ஆயிடுச்சு. ரயில் மட்டும் இல்ல. சேர்ந்து ஓட்ட இங்க யாருடா இருக்கீங்க? எல்லாரும்தான் போயிட்டீங்களே" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, ஊரில் மழை உண்டா சார் என்று கேட்டேன்.