டாப்னியாவை முன்வைத்து நன்னீர்ச் சூழலியல் படிப்போருக்கு

நன்னீரில் வாழும் கிரஸ்டேஷியன்கள் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த ஓடுடைய உயிரிகள்) சூழல் நெருக்கடிகளை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை முதுகலை ஆய்வேட்டுக்கும் அதையொட்டிய வாய்மொழித் தேர்வுக்கும் எடுத்துக்கொள்பவர்களுக்காக, அவற்றில் ஒன்றான, நீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியா என்ற சிற்றுயிரியை வளர்த்துப் படித்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். முதன்மையாக நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எந்த எதிர்வினையைப் படித்தாலும், அதற்காக அந்த உயிரி எதை இழக்கிறது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும்போது டாப்னியா ஹீமோகுளோபினைப் பன்மடங்கு கூடுதலாக உண்டாக்குகிறது என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். காற்றூட்டாமல் நெருக்கமாக வளர்த்த ஜாடியில், வெளிறியிருந்த உடல்கள் சில நாட்களில் இளஞ்சிவப்பாவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். இவ்வளவு பயன் தரும் பொருளை ஏன் எப்போதும் வைத்துக்கொள்வதில்லை என்று தேர்வாளர் கேட்கும் இடத்தில்தான் மனப்பாடம் கைவிடுகிறது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஆற்றல் வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போயிருக்க வேண்டியது. மேலும், சிவந்த உடல் பார்வையால் இரைதேடும் மீன்களுக்கு எளிதில் புலப்படும். டாப்னியாவை இரையாக்கும் கேயோபோரஸ் என்னும் பூச்சியின் புழு வெளிவிடும் வேதிக்குறியை நீரில் உணர்ந்ததும் டாப்னியா பூலக்ஸின் இளம் உயிரிகள் கழுத்துப்பகுதியில் சிறு பற்களை வளர்த்துக்கொள்வதும், மீனுக்கு அஞ்சிப் பகலில் ஆழத்துக்கு இறங்குவதும் இதே கணக்கில் அடங்கும். ஆழத்தின் குளிர்ந்த நீரில் உயிர் தப்பும். ஆனால் உணவு குறைவு, முட்டை முதிரவும் தாமதமாகும்.

அடுத்து, ஓர் உயிரி தன் வாழ்நாளில் காட்டும் இணக்கத்தையும், தலைமுறைகள் கடந்து ஓர் இனத்தொகை அடையும் பரிணாம மாற்றத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹீமோகுளோபின் கூடுவது முதல் வகை. இரண்டாவதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று ஐரோப்பாவிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரி. அங்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பாஸ்பரஸ் மிகுந்து, நச்சுள்ள நீலப்பசும்பாசிகள் பெருகின. டாப்னியாவின் உறங்குமுட்டைகள் எபிப்பியம் என்னும் உறைக்குள் ஏரிப்படிவத்தில் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும் என்பதால், சூழலியலாளர் நெல்சன் ஹேர்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் வெவ்வேறு காலத்துப் படிவ அடுக்குகளிலிருந்து டாப்னியா கேலியேட்டாவின் முட்டைகளை எடுத்துப் பொரிக்கச் செய்து, அவற்றை ஒரே சூழலில் வளர்த்து, நச்சுப்பாசியை உணவில் சேர்த்தபோது எந்த அளவு வளர்ச்சி குன்றுகிறது என்று ஒப்பிட்டார்கள். பாசி பெருகிய பிந்தைய ஆண்டுகளின் வழிவந்தவை, முந்தையவற்றைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டன. 1999இல் வெளிவந்த இந்த ஆய்வை அதன் தருக்கத்தோடு விளக்கத் தெரிந்தவருக்குப் பரிணாமச் சூழலியலின் பாதி கேள்விகள் எளிதாகிவிடும்.

செய்முறையில், டாப்னியா மேக்னா போன்ற இனங்களைக் கொண்டு வேதிப்பொருட்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு) வகுத்த 202ஆம் வழிகாட்டியை முழுமையாகப் படியுங்கள். பிறந்து 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை 48 மணி நேரம் சோதனைக்கு உட்படுத்தி, கலத்தை மெல்ல அசைத்த பின் 15 விநாடிக்குள் நீந்தாதவற்றை இயக்கமிழந்தவையாக எண்ணுவது அதன் முறை. வெப்பநிலை 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், குளிர்சாதனம் இல்லாத தமிழ்நாட்டு ஆய்வகங்களில் டாப்னியா மேக்னாவைப் பிடிவாதமாக வைத்துக்கொள்வதைவிட, நம் குளங்களிலேயே கிடைக்கும் மொய்னா மைக்ரூரா என்னும் இன்னொரு நீர்த்தெள்ளைத் தேர்ந்து, அதற்கேற்ற வெப்பநிலையைக் காரணத்தோடு எழுதுவதே நேர்மையானது என்று கருதுகிறேன். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும் நீர், 30 டிகிரியில் ஏழரை அளவே கொள்ளும். அதே வேளையில் உயிரியின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஆகவே வெப்பநிலையைக் குறிப்பிடாத நச்சு அளவுக்குப் பொருளில்லை.

நீரின் கடினத்தன்மையும் அப்படியே. கால்சியம் மிகுந்த நீரில் செம்பின் நச்சுத்தன்மை குறைகிறது, ஏனெனில் உயிரியின் உடலில் செம்பு பற்றும் இடங்களுக்குக் கால்சியமும் போட்டியிடுகிறது. கரைந்த கரிமப் பொருட்களும் செம்பைப் பிணைத்துக்கொள்கின்றன. ஆய்வக நீரில் கிடைத்த எண்ணைக் குளத்துக்கு அப்படியே பொருத்தி எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

உயிரியை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அகன்ற வாயுள்ள பிப்பெட்டின் நுனியை நீருக்குள் அமிழ்த்திய பின்னரே விடுங்கள். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று புகுந்து, அவை நீர்ப்பரப்பிலேயே சிக்கிக்கொள்ளும். நச்சால் விளைந்த பாதிப்பையும் அதையும் பிறகு பிரித்தறிய முடியாது. வளர்ப்புக் கலத்தில் ஆண்களோ, முதுகில் கருத்த எபிப்பியம் தாங்கிய பெண்களோ தென்பட்டால், நெரிசலோ உணவுக்குறைவோ ஏற்கெனவே அவற்றை வருத்துகிறது என்று பொருள். அந்தக் கலத்துக் குஞ்சுகளைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

புள்ளியியலில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரே பீக்கரில் 20 உயிரிகளை விட்டால் அவை 20 தனித்தனி அவதானிப்புகள் ஆகா, பீக்கரே ஓர் அலகு. ஆணின்றிப் பெண்ணே ஈனும் கன்னி இனப்பெருக்கத்தால் ஒரே தாயின் வழிவந்த அனைத்தும் மரபணு அளவில் ஒன்றே என்பதால், பல பீக்கர்கள் வைத்தாலும் நீங்கள் சோதித்தது ஒரு மரபுவழியைத்தான். இனத்தைப் பற்றிப் பேச விரும்பினால், வெவ்வேறு குளங்களிலிருந்து தாய்களைப் பிடித்து, ஒவ்வொன்றின் வழித்தோன்றல்களையும் தனித்தனியே சில தலைமுறைகள் ஒரே சூழலில் வளர்த்த பின்னரே சோதனையைத் தொடங்குங்கள்.