கொய்யா மரத்துக்கு வரும் இரண்டு வகை வெள்ளைக்கண்ணிகள்

மார்ச் 3, 2024
விடிந்ததுமே பின்வாசல் கொய்யாவில் வெள்ளைக்கண்ணிக் கூட்டம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள சின்னக் குருவிகள். பதினைந்துக்குக் குறையாது. இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிப் பூச்சி தேடுவதும், அடுத்த கிளைக்குத் தாவுவதுமாக ஒரு நிமிடம் ஓயவில்லை. எல்லாமே எலுமிச்சை மஞ்சள் தொண்டை, சாம்பல் வயிறு. இந்தியாவிலும் இருக்கும் இனம். இலங்கைக்கே உரிய மற்ற இனம் இதற்குள் ஒன்றாவது இருக்குமா என்று தேடினேன். பண்டாரவளை சுமார் 1,200 மீட்டர் உயரம், இரண்டுமே வரக்கூடிய ஊர். இன்று வரவில்லை.

மார்ச் 9
வெலிமடை பஸ்ஸில் ஹக்கல பூங்காவுக்குப் போனேன். 1861இல், மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். மழை.

காட்டோரத்தில் அது இருந்தது. இலங்கை வெள்ளைக்கண்ணி. முதுகு பாசி படிந்த மாதிரிக் கரும்பச்சை, தொண்டையிலும் பச்சை கலந்த மங்கல் மஞ்சள். உடம்பு கொஞ்சம் பெரிது, அலகும் நீளம். படம் பார்த்தால் குழப்பும், நேரில் பார்த்தால் குழப்பாது.

மார்ச் 12
வகுப்பு ஜன்னலில் மோதி விழுந்த பறவையை ஒரு பிள்ளை ஓடிவந்து கொடுத்தாள். கரும்பச்சை முதுகு! மலைக்காட்டில் தேடிப் போனது, நம் ஊரிலேயே என் கைக்கு வந்துவிட்டது.

கனமே இல்லை, சூடு மட்டும் இருந்தது. கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் தோல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, எள்ளைவிடச் சிறிய இறகுகள், வரிசை பிசகாமல். அலகு திறந்தபோது நாக்கு நுனி தூரிகை மாதிரிப் பிரிந்திருந்தது. தேனைத் தொட்டு எடுக்க அது. அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் அரை மணி நேரம் வைத்தோம். மூடியைத் திறந்ததும் பறந்துவிட்டது.

பிள்ளைகள் "ரெண்டும் அக்கா தங்கச்சியா, டீச்சர்?" என்றார்கள். மரபணு ஆய்வு சொல்வது வேறு. இலங்கை இனம் வெள்ளைக்கண்ணிப் பேரினத்தில் மிக முன்னாலேயே பிரிந்த கிளை. மற்றது பிற்பாடு, தனியாக இந்தத் தீவுக்கு வந்தது. அதாவது தூரத்து உறவு. சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மார்ச் 17
அம்மாயிக்குப் பார்வை மங்கிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "இன்னிக்கு ரெண்டு சாதி வந்திருக்கு. ஒன்னுக்குக் குரல் கனமா இருக்கு" என்றார். நான் தொலைநோக்கியை எடுத்துவரும் முன்பே சொல்லிவிட்டார். கொய்யாவில் மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே கரும்பச்சை இரண்டு.