மைனஸ் 32 யாரு டீச்சர்?

பத்தாம் வகுப்பு மாதத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். இருபடிச் சமன்பாட்டிலிருந்து ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு ரயில் கணக்கு போட வேண்டும். கணக்கு வாத்தியார்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஒன்று இருக்கிறது. தொலைவு 240 கி.மீ. விரைவு ரயிலைவிடப் பயணிகள் ரயிலின் வேகம் மணிக்கு 20 கி.மீ. குறைவு. அதனால் அதற்கு 1 மணி நேரம் கூடுதலாக ஆகிறது. வேகங்களைக் கண்டுபிடி. விடை 80, 60.

எங்கள் பள்ளி ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த பாதையாக இருக்கட்டுமே என்று மதுரை, ராமேஸ்வரம் என ஊர்களை மாற்றினேன். அந்த ரயில் பாதை ஏறக்குறைய 160 கி.மீ. என்பதால் 240-ஐ அடித்துவிட்டு 160 என்று எழுதினேன். 20-ஐயும் 1-ஐயும் தொடவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, போட்டுப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் தேர்வு அறையில் நடந்து வரும்போது ஒரு பெண் தாளின் ஓரத்தில் 64, 50 என்று எழுதி அடித்திருந்ததைப் பார்த்தேன். கீழே 80, 40. அதுவும் அடித்திருந்தது. இரண்டு வேகங்களையும் பெருக்கினால் 160 × 20, அதாவது 3200 வர வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 20 இருக்க வேண்டும். அப்படி இரண்டு முழு எண்கள் உலகத்தில் கிடையாது என்பது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. வயிற்றைக் கலக்கியது. ஒரே ஒரு பையன் சூத்திரத்தில் போட்டு, பத்துடன் பத்து ரூட் 33 என்று கொண்டுவந்து, ஏறக்குறைய 67.4 என்று எழுதியிருந்தான். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

சமன்பாடு வரை வந்தவர்களுக்கு முழு மதிப்பெண் என்று அறிவித்துவிட்டுத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போனேன். திருத்தியபோது வேறொன்று தெரிந்தது. 34 பேரில் சமன்பாடு வரை வந்தவர்களே 9 பேர்தான். என் தப்பு தடுத்து நிறுத்தியது அந்த ஒன்பது பேரை மட்டும். மற்ற 25 பேர் அதற்கு வெகுமுன்னாலேயே நின்றுவிட்டிருந்தார்கள்.

அவர்களுக்குச் சூத்திரம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் ஒரு முக்கோணம் இருந்தது. மேலே தொலைவு, கீழே வேகம், காலம். எது வேண்டுமோ அதைக் கட்டைவிரலால் மூடினால் மிச்சம் இருப்பது சூத்திரம். ஆறாவது ஏழாவதிலிருந்தே நாங்கள் சொல்லிக்கொடுப்பது. நானும் பதினாலு வருஷமாகப் போட்டுக்காட்டியிருக்கிறேன். முக்கோணத்தை வரைந்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அதற்கு இன்னொரு கோடு போட்டு அழகுபடுத்தியிருந்தான் ஒருவன்.

இன்னும் ஏழெட்டுப் பேர் வேறு மாதிரி மாட்டியிருந்தார்கள். வேகம் எக்ஸ், தொலைவு 160, அதனால் காலம் 160/எக்ஸ். இதுவரை சரி. அப்புறம் வேகத்தையும் காலத்தையும் பெருக்கினால் தொலைவு என்று எக்ஸை 160/எக்ஸால் பெருக்கி, 160 = 160 என்று வந்து நின்றிருந்தார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவர்களில் ஒருத்தி சொன்னாள்: “எக்ஸ் காணாம போச்சு டீச்சர்.”

சொன்ன விதம் சிரிப்பாக இருந்தாலும் நோய் அதுதான். ஒரே தகவலை இரண்டு தடவை செலவழித்தால் எக்ஸ் காணாமல்தான் போகும். காலத்தைக் கண்டுபிடிக்க 160-ஐப் பயன்படுத்தியாயிற்று, அதோடு அதன் வேலை முடிந்தது. சமன்பாடு கணக்கின் இன்னொரு வாக்கியத்திலிருந்து பிறக்க வேண்டும். இங்கே அது “1 மணி நேரம் கூடுதலாக” என்ற துணுக்கு. நான் இதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. எக்ஸ் என்க என்று எழுதி, மளமளவென்று போட்டு, விடைக்கு அடியில் இரட்டைக் கோடு இழுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முக்கோணத்துக்கு விடுமுறை கொடுத்தேன். பலகையில் ஒரு கட்டம் மட்டும். மூன்று பத்தி: வேகம், காலம், தொலைவு. இரண்டு வரிசை: இவர், அவர். கணக்கைப் படித்துத் தெரிந்ததை நிரப்பு. ஒரு வரிசையில் இரண்டு கட்டம் நிரம்பினால் மூன்றாவது தானாக வரும். பிறகு ஒரே கேள்வி: ரெண்டுக்கும் சமமா இருக்கிறது எது?

முதல் கணக்கைக் கதையாகச் சொன்னேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் 1 கி.மீ. தம்பி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு நடந்து கிளம்புகிறான், நிமிடத்துக்கு 60 மீட்டர். 10 நிமிடம் கழித்து அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் துரத்துகிறாள், நிமிடத்துக்கு 180 மீட்டர். எங்கே பிடிப்பாள்? சமமானது எது என்று கேட்டதும் பாதி வகுப்பு “காலம்” என்றது. பிடிக்கும்போது ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்காங்க, கடிகாரத்துல ஒரே மணிதானே என்பது அவர்கள் வாதம். எடுத்ததும் மறுக்கத் தோன்றவில்லை. இரண்டு பேரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு நடக்க விட்டேன். தம்பியாக வந்தவன் முதலில் போனான். அக்கா நின்றாள். பிறகு ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, வாசலிலிருந்து இந்தக் கோடு வரை யார் அதிக தூரம் வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னாலிருந்து, “ரெண்டு பேருமே அதே வராந்தாதான டீச்சர்.”

தூரம் சமம். அக்காவின் காலம் எக்ஸ் என்றால் தம்பிக்கு எக்ஸ் + 10. அறுபது தடவை எக்ஸ் + 10 என்பது 180 எக்ஸுக்குச் சமம். ஐந்து நிமிடம், 900 மீட்டர். பள்ளி வாசலுக்கு 100 மீட்டர் முன்னால் டப்பா கைமாறிவிடும். “கேட்டுக்கிட்ட ஐஸ் வண்டி நிக்குமே, அங்கதான்” என்றாள் ஒருத்தி. எக்ஸுக்கு அன்று ஒரு விலாசம் கிடைத்தது.

படகுக் கணக்கு எங்கள் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். வகுப்பில் முக்கால்வாசி மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நீரோட்டத்தின் திசையில் 24 கி.மீ. போக 2 மணி நேரம், எதிர்த்துத் திரும்பி வர 3 மணி நேரம், நிலையான நீரில் படகின் வேகம் என்ன? “நிலையான நீர்” என்று வாசித்ததுமே ஒருவன் கையைத் தூக்கினான்.

“நிலையா நிக்கிற தண்ணி எங்க டீச்சர் இருக்கு?”

அவன் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள். போகும்போது ஒரு மாதிரி இருக்கும் நீவாடு வரும்போது அப்படியே இருக்காது, ஐந்து மணி நேரத்தில் திசையே மாறிவிடலாம் என்றான். சரிதான். கணக்கில் மாறாது என்று வைத்துக்கொள்வோம் என்றேன். “வைத்துக்கொள்வோம்” என்பது கணக்குப் பாடத்தின் பெரிய சௌகரியம். அவன் அதற்கு ஒப்புக்கொண்டான், ஆனால் முழு மனதோடு இல்லை.

அவனே அடுத்து சொன்னதுதான் எனக்குப் பாடம். “ஜிபிஎஸ்ல 8-னு காட்டுனா அது படகு வேகம் இல்ல டீச்சர். நீவாடும் சேந்துதான் அதுல இருக்கும். இன்ஜின் எவ்ளோ இழுக்குதுன்னு அப்பாவுக்குத்தான் தெரியும்.” அந்த 8 கடல் மைல் கணக்கு, ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கட்டத்தில் வேகம் என்ற பத்தியில் “படகு + நீவாடு” என்றும் அடுத்த வரிசையில் “படகு − நீவாடு” என்றும் அவனையே எழுதச் சொன்னேன். கூட்டினால் 12, கழித்தால் 8. படகு 10, நீவாடு 2. வழக்கமாக இந்த இடத்தில் ஏன் கூட்டுகிறோம், ஏன் கழிக்கிறோம் என்று அரை மணி நேரம் விளக்குவேன். அன்று அந்த வேலையே இல்லாமல் போனது.

எல்லாமே இப்படி அமைந்துவிடவில்லை. சராசரி வேகத்தில் நான் இன்றைக்கும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். போகும்போது 60, வரும்போது 40, சராசரி என்ன என்றால் 50 என்று மொத்த வகுப்பும் பாடும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சாலையில் ஏறக்குறைய 55 கி.மீ., கணக்குக்காக 60 என்று வைத்துக்கொண்டு போட்டுக் காட்டுவேன். போக 1 மணி, வர ஒன்றரை மணி. 120-ஐ இரண்டரையால் வகுத்தால் 48. மெதுவாகப் போகும்போது அதிக நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறோம், அதனால் சராசரி மெதுவின் பக்கம் சாய்கிறது என்று சொல்வேன். தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் கேட்டால் மறுபடி 50.

பாலம் கடக்கும் கணக்கில் எங்கள் பிள்ளைகளை அசைக்க முடியாது. பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது, 2 கி.மீ. சொச்சம். 2022-இல் போக்குவரத்து நிற்கும்வரை ரயில் அதில் ஊர்ந்துதான் போனது. 500 மீட்டர் நீள ரயில் 2 கி.மீ. பாலத்தை மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் கடக்க எவ்வளவு நேரம் என்றால், மற்ற ஊர்ப் பிள்ளைகள் 8 நிமிடம் என்பார்கள். இவர்கள் 10 என்பார்கள். இன்ஜின் கரையேறிய பிறகும் கடைசிப் பெட்டி கடல் மேலேயே வந்துகொண்டிருப்பதைச் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தவர்கள் ரயிலின் நீளத்தைக் கூட்ட மறக்க மாட்டார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு வேகத்தை 75 என்று மாற்றிக் கொடுத்தேன். இரண்டே நிமிடம் என்று வந்ததும் ஒருத்தி, “கடலைப் பாக்கவே முடியாதே” என்று வருத்தப்பட்டாள்.

கடைசியில் அந்த 160 கி.மீ. கணக்குக்கே திரும்ப வந்தேன். விட்டுவிட மனம் வரவில்லை. இந்தத் தடவை விடையிலிருந்து பின்னால் வந்தேன். 160-ஐ மீதியில்லாமல் வகுக்கும் இரண்டு வேகம் வேண்டும், காலம் 1 மணி வித்தியாசப்பட வேண்டும். 160-ஐ 40-ஆல் வகுத்தால் 4, 32-ஆல் வகுத்தால் 5. அப்போது வேக வித்தியாசம் 20 இல்லை, 8. மணிக்கு 40 போகிற வண்டியை விரைவு ரயில் என்பதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கட்டம் போட்டார்கள். காலம் பத்தியில் 160/எக்ஸ், 160/(எக்ஸ் − 8). வித்தியாசம் 1. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 8 எக்ஸ் மைனஸ் 1280. இருபத்தெட்டு பேர் இதுவரை வந்துவிட்டார்கள். 40, மைனஸ் 32 என்று விடையும் வந்தது. வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே தள்ளுக என்று பழக்கத்தில் எழுதப் போனேன். எக்ஸைத் தொலைத்த அதே பெண் கேட்டாள்:

“மைனஸ் 32 யாரு டீச்சர்? அந்தப் பயணிகள் ரயிலா?”

முன்பு வகுப்பில் போட்ட அந்த 240 கி.மீ. கணக்கில் 80-உம் மைனஸ் 60-உம் வந்தன, அங்கேயும் மெதுவான ரயில் 60 என்பதை அவள் பார்த்துவைத்திருந்தாள். நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, தள்ளுகிற அவசரம். மெதுவான ரயிலை எக்ஸ் என்று வைத்துப் போடச் சொன்னேன். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 8 எக்ஸ் மைனஸ் 1280. இப்போது 32, மைனஸ் 40. ஆள் மாறிவிட்டது, எண்கள் அதேதான். வகுப்பில் சலசலப்பு.

சரி, மைனஸ் 32-ஐ முதல் சமன்பாட்டில் போட்டுத்தான் பாருங்களேன் என்றேன். விரைவு ரயிலின் காலம் 160-ஐ மைனஸ் 32-ஆல் வகுத்தால் மைனஸ் 5. மற்றதற்கு மைனஸ் 40, காலம் மைனஸ் 4. வித்தியாசம் 1 மணி, பிசகில்லாமல். வேகமும் மைனஸ், நேரமும் மைனஸ், ஆனால் கணக்கு ஒத்துக்கொள்கிறது.

நீவாடு சொன்ன பையன் எழுந்தான். “மைனஸ் வேகம்னா எதுத்தாப்புல வர்ற ரயில். மைனஸ் அஞ்சுன்னா அஞ்சு மணி நேரத்துக்கு முன்னாடி. ராமேஸ்வரத்துல அப்பவே கிளம்பி இப்பதான் மதுரைக்கு வந்து சேருது டீச்சர். அடுத்த வண்டி நாலு மணி நேரத்துக்கு முன்னாடி கிளம்பியிருக்கு. ரெண்டும் ஒண்ணா வந்து நிக்குது.”

பலகையில் ஒரு கோடு இழுத்து, ஒரு முனையில் மதுரை, மறு முனையில் ராமேஸ்வரம் என்று எழுதிப் பார்த்தேன். அவன் சொன்னது அப்படியே பொருந்தியது. இரண்டு ரயிலையும் திருப்பி வரைந்து, புறப்பட்ட நேரத்தையும் குறித்தேன்.

“பப்ளிக்ல இதை எழுதலாமா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

வேகம் குறை எண் ஆகாது, எனவே எக்ஸ் = 40 என்று எழுதுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.