பழைய லாரிக்கு இக்னிஷன் டைமிங் வைத்த அனுபவம்

ஹெட் கேஸ்கெட்டையும் டைமிங் செயினையும் மாற்றி முடித்து முதன்முறை ஸ்டார்ட் செய்தபோது, எஞ்சின் ஓடுவதற்குப் பதிலாகக் கார்புரேட்டர் வழியாக ஒரு வெடிச் சத்தத்தை எழுப்பிவிட்டு அடங்கிவிட்டது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களும், பாயிண்ட் (திறக்கும்போது தீப்பொறியை எழுப்பும் சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரும் (தீப்பொறியை முறைப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் கருவி) கொண்ட பெட்ரோல் லாரி இது. அந்தத் தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதுதான் இக்னிஷன் டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் ரோட்டர் (அதனுள் சுழலும் கை) நின்ற இடத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஆனால் இடையில் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டை) பலமுறை சுற்றிவிட்டதால் அந்தக் கோடு எதற்கும் பயன்படவில்லை.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று முடிக்கும் என்பதால், கிராங்க் முனையிலுள்ள புல்லியின் சுழியக் குறி, எஞ்சினில் பொருத்திய முள்ளுக்கு நேரே இரண்டு முறை வந்து நிற்கும்: ஒருமுறை முதல் சிலிண்டரின் கம்ப்ரெஷன் முடிவில், மறுமுறை எக்ஸாஸ்ட் முடிவில். நான் இரண்டாவதில் டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கியிருந்தேன். முதல் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கிராங்கைச் சுற்றச் சொன்னபோது, காற்று விரலைத் தள்ளிய சுற்று எது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை அது.

மறுபடி இறக்குவதும் எளிதாக இல்லை. கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், டிஸ்ட்ரிபியூட்டர் கீழே இறங்க இறங்க ரோட்டர் தானாகவே ஒரு பல் அளவு திரும்பிவிடுகிறது. அதைக் கணக்கிட்டுச் சற்று முன்னதாகவே வைத்து இறக்க வேண்டியிருந்தது. அப்போதும் அடிப்பாகம் பிளாக்கில் படியாமல் சுமார் 5 மி.மீ. மேலேயே நின்றது. போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரால் ஆயில் பம்ப் தண்டைக் கொஞ்சம் திருப்பியதும் அது தானே இறங்கி உட்கார்ந்தது.

டைமிங்கைத் தொடும் முன் பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ. வைத்தேன். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங்கும் முன்னே நகரும் என்பதால், இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். பிறகு டெஸ்ட் லேம்ப் வைத்து, பாயிண்ட் திறக்கும் கணத்தில் விளக்கு எரியுமாறு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன். 1-5-3-6-2-4 என்ற வரிசையில் பிளக் வயர்களை மாட்டியதும் எஞ்சின் ஓடியது. டைமிங்கைத் தானே நகர்த்தும் வேக்குவம் அட்வான்ஸின் குழாயைக் கழற்றி அடைத்து, ஐடிலை (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோதுள்ள வேகத்தை) நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் குறைத்து, டைமிங் லைட்டில் (தீப்பொறியோடு சேர்ந்து மின்னி, சுழலும் குறியை நிற்பதுபோல் காட்டும் விளக்கு) பார்த்து மேல் முனைக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 6 டிகிரி முன்னதாக வைத்து இறுக்கினேன்.

விளக்கு காட்டியது சரியாக இருந்தது. லாரி ஓடியது மட்டும் சரியாக இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சோம்பலாக எழுந்தது, வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலே போனது. கார்புரேட்டரையும் வேக்குவம் அட்வான்ஸையும் சந்தேகித்து ஒரு வாரத்தை வீணடித்தேன். லைட் சொன்னதை நம்பினேனே தவிர, அது எந்தக் குறியைப் பார்த்துச் சொல்கிறது என்று கேட்கவில்லை.

இந்தப் புல்லியின் வெளிவளையம் ரப்பரால்தான் உள்பாகத்தோடு ஒட்டியிருக்கிறது. ரப்பர் கெட்டால் வளையம் நழுவும். குறி வளையத்தில்தான் இருக்கிறது. சந்தேகத்தைத் தீர்க்க, எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பிஸ்டன் கீழே இருக்கும்போது முதல் துளையில் ஒரு தடுப்பு போல்ட்டை முடுக்கினேன். கிராங்கைக் கையால் மட்டும் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் தடுப்பில் முட்டிய இடத்தில் எஞ்சினில் உள்ள முள்ளுக்கு நேரே வளையத்தில் ஒரு கோடு. எதிர்த் திசையில் சுற்றி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுவே உள்ள இடம்தான் உண்மையான மேல் முனை. பழைய குறி அங்கிருந்து 13 மி.மீ. தள்ளி நின்றது. வளையத்தின் விட்டம் 165 மி.மீ. என்பதால் ஒரு டிகிரிக்குச் சுமார் 1.44 மி.மீ. வரும், ஆக, பிழை 9 டிகிரி. நான் 6 டிகிரி முன்னே என்று நினைத்து வைத்தது உண்மையில் 3 டிகிரி பின்னே இருந்திருக்கிறது. பழுதுக்கு முன்பு யாரோ காதால் கேட்டே டைமிங் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் அப்போது லாரி நன்றாக ஓடியிருக்கிறது.

புதிய குறியைப் பெயின்டால் இட்டு, உள்பாகம், ரப்பர், வளையம் மூன்றையும் கடந்து செல்லும் மெல்லிய கோடு ஒன்றையும் வரைந்து வைத்தேன். இரண்டு வாரத்தில் அந்தக் கோடு 2 மி.மீ. உடைந்து நின்றது. அதன் பிறகு பொறுத்திருக்கப் பொருளில்லாததால் புல்லியையே மாற்றினேன்.

புதிய புல்லி அதே விட்டம். சுழியக் குறியிலிருந்து சுழலும் திசையில் 46 மி.மீ. முன்னே வெள்ளைக் கோடு இட்டால் அது 32 டிகிரி. ஐடிலில் 6 டிகிரிக்கு வைத்துவிட்டு எஞ்சினை 3000 சுற்றுக்கு உயர்த்தியபோது, அந்தக் கோடு முள்ளுக்கு நேரே அசையாமல் நின்றது; வேகம் கூடக் கூட டைமிங்கை முன்னே நகர்த்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் தம் வேலையைச் செய்கின்றன. சுமையோடு ஒரு மேட்டில் ஏறும்போது மட்டும் மெல்லிய நாக்கிங் (டைமிங் அதிகம் முன்னே இருந்தால் எஞ்சினுக்குள் எழும் தட்டல் சத்தம்) கேட்டது. ரோட்டர் சுற்றும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை இம்மியளவு திருப்பி 4 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் அதே மேட்டில், அதே சுமையோடு, அந்தச் சத்தம் கேட்கவில்லை.