வெளிறிய மைட்டோகாண்ட்ரியா

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் ஆண்டு, தண்ணீரில் மிதக்கும் சீவல்களோடுதான் என் பிழைப்பு. பிசினில் பதித்த குரங்கு நடுமூளைத் துணுக்கை வைரக் கத்தியால் சீவ வேண்டும். சீவல் வெள்ளியாய் மின்னினால் தடிமன் 60 முதல் 90 நானோமீட்டர், வைத்துக்கொள்ளலாம். பொன்னிறம் தட்டினால் தடித்துவிட்டது என்று பொருள்.

நாங்கள் பார்த்தது சுப்பீரியர் காலிக்குலஸ் என்ற நடுமூளை மேட்டை. காலிக்குலஸ் என்றால் லத்தீனில் சிறு குன்று. அதன் மேலடுக்குகளில் விழித்திரையிலிருந்து வரும் நரம்பிழைகளும் மூளையின் மேலுறையான புறணியின் பார்வைப் பகுதியிலிருந்து இறங்கும் இழைகளும் கலந்து முடிகின்றன. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பதே என் வேலை. அடையாளங்கள் எளியவை. விழித்திரை இழையின் முனை பெரியது, வேதிச் செய்தியைச் சுமக்கும் உருண்டைக் குமிழ்கள் நிறைந்தது, மைட்டோகாண்ட்ரியா வெளிறியிருக்கும். புறணி முனை சிறியது, மைட்டோகாண்ட்ரியா கருத்திருக்கும். குமிழ்கள் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் அது காபா என்ற வேதிப்பொருளை வெளியிட்டு அடுத்த நரம்புச் செல்லை அடக்கும் தடுப்பு முனை.

மூன்று மாதத்தில் கண் பழகிவிட்டது. அதுவே வினையானது. ஒரு தொகுதிப் படங்களில் பார்த்த இடமெல்லாம் விழித்திரை முனைகள்! குரங்கின் விழித்திரையிலிருந்து புறப்படும் இழைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இந்தக் குன்றுக்கு வருகிறது. பெரும்பகுதி, புறணிக்குச் செய்தி கடத்தும் தலாமஸ் என்ற மூளைப் பகுதிக்குப் போகிறது. இவ்வளவு முனைகள் எங்கிருந்து முளைத்தன என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெருமையோடு எண்ணிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

மூத்த ஆய்வாளர் ஒரு படத்தைச் சற்று நேரம் பார்த்தார். “பக்கத்து டெண்ட்ரைட்டில் இருப்பதைப் பாருங்கள்” என்றார். டெண்ட்ரைட் என்பது செய்தியை வாங்கும் நரம்புச் செல்லின் கிளை; விழித்திரை முனை அல்ல. அதனுள் இருந்த மைட்டோகாண்ட்ரியாவும் வெளுத்துத்தான் கிடந்தன. திசுவைக் கெடாமல் காக்கும் குளுட்டரால்டிஹைடு உள்ளே சரியாகப் போய்ச் சேராததால் எல்லாமே ஊதி வெளுத்திருந்தன. ஆறு வாரமாக நான் எண்ணியது கெட்டுப்போன பதப்படுத்தலை. வேலை வீணானதைவிட, அந்தக் குரங்கை நினைத்தபோதுதான் மனம் கனத்தது.

அதன்பின் தோற்றத்தை மட்டும் நம்பவில்லை. கண்ணுக்குள் செலுத்திய தடங்காட்டி, அதாவது இழையின் பாதையைக் காட்டும் பொருள், இழைவழியே வந்து முனையில் கரிய படிவாகத் தெரிந்தால்தான் ‘விழித்திரை’ என்று குறிப்பேன். தடங்காட்டி எல்லா முனைகளையும் எட்டாது. ஆகவே எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

குறிப்பேட்டில் ‘தெரியவில்லை’ என்று புதிதாக ஒரு பத்தி போட்டேன். அந்தப் பத்திதான் முதலில் நிரம்புகிறது.