செங்கோட்டை வீட்டு மொட்டை மாடியும் ஷார்ஜாவில் இருந்த நானும்

ஒப்பந்ததாரர் அனுப்பிய படத்தில் மொட்டை மாடி வெள்ளை வெளேரென்று இருந்தது. மழைநீர்த் தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து முடித்துவிட்டதாகவும், மீதிப் பணத்தை அனுப்பலாம் என்றும் கீழே எழுதியிருந்தார். ஷார்ஜாவில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைப் பார்த்து நிம்மதியடைந்து, செங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்பினேன். சிறிது நேரத்தில் அம்மாவின் குரல் பதிவு வந்தது. “ஏம்மா, இது நம்ம வீடு இல்லியே. நம்ம கைப்பிடிச் சுவருல ஓட்டை ஓட்டையா கல்லு எங்க இருக்கு?”

படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவர் முழுச் செங்கல் கட்டு. படத்தில் இருந்ததோ காற்றோட்டத் துவாரம் வைத்த சிமெண்ட் கற்கள் பதித்த சுவர். கேட்டபோது, வேறொரு வேலையின் படம் தவறுதலாக வந்துவிட்டது என்றார் அவர். பக்கத்து வீட்டுச் சித்தப்பாவை மேலே ஏறிப் பார்க்கச் சொன்னோம். ஒரே ஒரு கோட், அதுவும் சாரல் நனைத்த ஈரத்தின் மேலேயே அடிக்கப்பட்டு, ஓரங்களில் அப்போதே தோலுரியத் தொடங்கியிருந்தது. அதற்கு நான் முன்பணமாக அனுப்பியிருந்தது 25,000 ரூபாய். இது 2023 ஜூன் மாதக் கடைசியில் நடந்தது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இன்றுவரை திரும்பவில்லை.

எங்கள் வீடு இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முன்பகுதி, செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த நாளில், அதாவது 1956 நவம்பர் 1-க்கு முன்பு, தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பின்பகுதி, அப்பா 1994-ல் கட்டிய காங்கிரீட் வீடு. ஓட்டுப் பகுதியைப் பற்றி எழுத அதிகமில்லை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரியங்காவிலிருந்து வந்த இருவர் உடைந்த பதினான்கு ஓடுகளை அரை நாளில் மாற்றிவிட்டுப் போனார்கள். தொல்லை முழுவதும் காங்கிரீட் பகுதியில்தான். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார். முழங்கால் வலியால் அவர் மாடிப்படி ஏறி நான்கு ஆண்டுகளாகின்றன. ஆகவே மேலே என்ன நடக்கிறது என்பது கூடத்தின் மேற்கூரையில் கறை தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இங்கே ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸாப் வழியாகப் படமும் குரல் பதிவும் அனுப்பலாமே தவிர, பேசவோ காணொளியில் பார்க்கவோ முடியாது. அனுமதிக்கப்பட்ட வேறு செயலிகளை அம்மாவின் பழைய கைப்பேசியில் ஏற்றி அவருக்குப் பழக்கப்படுத்தும் பொறுமை அன்று என்னிடம் இல்லாமல் போனது. ஆகவே ஒப்பந்ததாரர் எதைக் காட்டினாரோ அதுதான் நான் கண்ட மாடி. வெளிநாட்டிலிருந்து வீட்டு வேலை பார்ப்பவர்கள் இந்த ஒன்றையாவது செய்துகொள்ளுங்கள்: படம் கேட்காதீர்கள், ஒரே ஓட்டமாக எடுத்த காணொளிப் பதிவு கேளுங்கள். அது உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி, படியேறி, மாடியின் நான்கு மூலைகளையும் காட்டி, கைப்பிடிச் சுவரின் அடியில் முடியவேண்டும். இடையில் வெட்டு இருந்தால் பணம் அனுப்ப வேண்டாம்.

ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே போனேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, குளத்துப்புழை, தென்மலை வழியாக வந்து ஆரியங்காவு தாண்டி புளியரையில் இறங்கும்போதே காரின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டுநர் சலித்துப்போனார். குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை வரவழைக்கும் அதே சாரல்தான். கணவாய் வழியாக மேற்கிலிருந்து புகுந்து வரும் இந்தத் தூறல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் ஊரில் எதையும் காயவிடாது என்பது அங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஷார்ஜாவில் உட்கார்ந்து விடுப்பையும் விமானக் கட்டணத்தையும் கணக்குப் பார்த்தபோது அது நினைவில் நிற்கவில்லை. கேட்ட மூன்று கொத்தனார்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: தொடர்ந்து வெயில் அடிக்காமல் மாடியைத் தொடமாட்டோம். அவர்கள் சொன்னது நியாயம். பத்து நாளும் கூடத்தில் வாளிகளை இடம் மாற்றி வைத்ததும், கைப்பிடிச் சுவர் மூலையில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்கி எறிந்ததும்தான் நான் செய்த வேலை. அந்தக் கன்றைப் பிடுங்கியதும் தவறு என்று பின்னால் தெரிந்தது. மேலே உள்ள தண்டு கையோடு வந்துவிடும். செங்கல் இடுக்கில் இறங்கிய வேர் உள்ளேயே இருந்து, ஆறு மாதத்தில் முன்னிலும் தடித்துக் கிளம்பும்.

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மாடி வேலை நினைப்பவர்கள் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பின் கோடை மழை, பிறகு சாரல், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இரண்டு பருவமழையையும் வாங்கும் ஊர் இது.

நான் திரும்பிய பிறகு நடந்ததை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை அனைவருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், ஏற்கெனவே ஊறிப்போயிருந்த கூரைக்கு வந்த மழையே போதுமானதாக இருந்தது. இரவில் வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. ஆர்.சி.சி.பி. என்கிற, வீடுகளில் டிரிப் சுவிட்ச் என்று சொல்லுகிற கருவியின் விசை கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் உடனே மறுபடி விழுந்தது. மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் கருவி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பிகளை நேராக இணைத்து, விளக்கு எரிவதைக் காட்டி 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு விளக்கு எரிந்தது பெரிய உதவியாகத் தெரிந்ததால் என்னிடம் அதைச் சொல்லவும் இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, “பிரிட்ஜு கைப்பிடியத் தொட்டா சுருக்குனு இழுக்குதும்மா, செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் தொறக்கேன்” என்றார். உயிர் போய்த் திரும்பியது எனக்கு. மெயின் சுவிட்சை அப்போதே அணைக்கச் சொல்லி, அன்றிரவு அவரைச் சித்தப்பா வீட்டில் படுக்க வைத்தேன். சித்தப்பா அழைத்து வந்த இன்னொரு எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். கூடத்து மின்விசிறிக்கு மேலே கூரைக்குள் பதித்த இணைப்புப் பெட்டியில் தண்ணீர் நின்றது. அதற்குள் இருந்த கம்பி முடிச்சு வழியாக மின்சாரம் ஈரச் சுவரில் கசிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, வீட்டுக்கு வெளியே எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. டிரிப் சுவிட்ச் கெடவே இல்லை. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் தவறான வழியில் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்து உயிரைக் காப்பதுதான் அதன் வேலை, அந்த வேலையைத்தான் அது அன்றிரவு செய்தது. காவல் காத்த ஒன்றைக் கழற்றிவிட்டுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. புதிய கருவி, ஒரு வரிசைக் கம்பி, எர்த் வேலை எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய் ஆனது.

மழைக்காலத்தில் டிரிப் சுவிட்ச் விழுந்தால் வயரிங்கில் ஈரம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். அதைக் கழற்ற மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். அதில் ‘டி’ (T) என்று போட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தி, இணைப்பு துண்டிக்கப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அம்மா இப்போது ஒவ்வொரு மாதமும் கிருத்திகையன்று அழுத்திவிட்டு எனக்குக் குரல் பதிவு போடுகிறார்.

2024 பிப்ரவரியில் மறுபடி விடுப்பு. இந்த முறை ஆள் கிடைத்தது, ஓட்டு வேலைக்கு வந்த ஆரியங்காவுக்காரர்கள் வழியாக. அறுபது வயதைத் தாண்டிய கொத்தனார், எங்கள் தமிழும் அவர் மலையாளமும் பாதிப்பாதியாகக் கலந்த பேச்சு. நான் எந்தக் கம்பெனிப் பூச்சு நல்லது என்று கேட்டதை அவர் காதில் வாங்கவே இல்லை. “மோளே, முதல்ல சோர்ச்ச எங்கேருந்துன்னு காணணும், அப்புறந்தான் பெயின்ட்” என்றார். சோர்ச்ச என்றால் மலையாளத்தில் ஒழுகல். மாடியின் நீர்க்குழாய் வாய்களைத் துணியால் அடைத்து, நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு சொட்டு இல்லை. மேற்குச் சுவரும் கூரையும் சேரும் மூலையில் இரண்டாம் நாள் காலையில் கறை விரிந்தது. அங்கிருந்து கூரைக்குள் பதித்த மின்குழாய் வழியாக நீர் ஓடி, பத்தடி தள்ளி மின்விசிறிப் பெட்டியில் சொட்டியது. சொட்டும் இடத்துக்கு நேர்மேலே கோளாறு இருக்கும் என்று நினைத்து நாங்கள் அத்தனை மாதமும் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணம் மேலே போனபோது விளங்கியது. பத்தாண்டுகளுக்கு முன்பு யாரோ மாடிக்கு மேல்பூச்சு ஒன்று போட்டபோது மேற்கு மூலையில் தளம் தாழ்ந்து, நீர்க்குழாயின் வாய் தளத்தைவிட ஒரு விரல் உயரத்தில் நின்றுவிட்டது. வாட்டம் குழாயை நோக்கி இருந்தும் கடைசி ஒரு விரல் ஆழத் தண்ணீர் வெளியேற வழியில்லை. நின்ற தண்ணீர் அரசவேர் பிளந்த விரிசலில் இறங்கியது. ஜூனில் ஈரத்தின் மேல் அடித்த பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்தது. வெயிலில் அது ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாகப் பூச்சைத் தூக்கியிருந்தது. கையால் இழுத்தால் பாய்போல் உரிந்து வந்தது.

அவர் முழு மாடியையும் உடைக்கவில்லை. கீழே இருந்த பழைய சுருக்கித் தளம், அதாவது செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம், நன்றாகவே இருக்கிறது என்று தட்டித் தட்டிக் காட்டினார். மேற்கு ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு மட்டும் பெயர்த்து, கைப்பிடிச் சுவரில் நான்கு வரிசைச் செங்கலைக் கழற்றி, வேரை நுனிவரை எடுத்து, மறுபடி கட்டினார். சுவரும் தளமும் சேரும் இடத்தில் கலவையை வளைவாக வைத்துப் பூசினார். நேர்மூலையில்தான் எப்போதும் விரிசல் விடும் என்றார். மூன்று அங்குலக் குழாயை எடுத்துவிட்டு நான்கு அங்குலக் குழாயைத் தளத்தைவிடத் தாழ்வாகப் பதித்தார். ஏழு நாள் சாக்கு போட்டு நனைத்து நீராற்றி, பின்பு ஒரு வாரம் காயவிட்டு, அதன் பிறகுதான் பூச்சு டப்பாவைப் பிரிக்கவே சம்மதித்தார். அதற்குள் என் விடுப்பு முடிந்துவிட்டது. பூச்சு வேலையைச் சித்தப்பா எடுத்தனுப்பிய காணொளிப் பதிவில்தான் பார்த்தேன். வாசலிலிருந்து தொடங்கிய பதிவு.

உள்ளே கூடத்தில், காரை பெயர்ந்து கம்பி தெரிந்த இடத்தில் வேலை சுலபமாக முடிந்தது. துருவைக் கம்பித் தூரிகையால் முழுக்கத் தேய்த்தெடுத்து, துருத் தடுப்பு அடித்து, அதன் பிறகு பூசினார்கள். துருவேறிய கம்பி பருத்துச் சுற்றியுள்ள காங்கிரீட்டைத் தள்ளிவிடும் என்பதால், துருவின் மேலேயே பூசினால் அடுத்த ஆண்டே மறுபடி பெயர்ந்து விழும்.

இரண்டாவது வேலைக்கு ஆன மொத்தச் செலவு 86,000 ரூபாய். பொருள்களைக் கொத்தனார் சொன்ன அளவில் நாங்களே கடையில் வாங்கினோம். கூலியை வாரக் கடைசியில் கொடுத்தோம். முன்பணம் அவர் கேட்கவில்லை. முதல் வேலையில் நான் அவசரப்படாமல் இருந்திருந்தால் 25,000 ரூபாயும், ஒரு விமானக் கட்டணமும், அம்மா அந்தக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருந்த மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும்.

அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று ஷார்ஜாவில் பெரும்மழை பெய்து, எங்கள் தெரு முழுவதும் தண்ணீர் நின்றது. எங்கள் குடியிருப்பின் ஜன்னல் அடிச்சட்டத்தில் தண்ணீர் ததும்பி அறைக்குள் வழிந்தது. பராமரிப்பு அலுவலகத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அந்தச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் நீர் வெளியேற இரண்டு சிறு துளைகள் இருப்பதும், அவை மணலால் அடைத்துக் கிடப்பதும், கொத்தனார் அன்று மாடியில் குழாய் வாயைக் காட்டியிராவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. ஹேர்பின் ஒன்றை நீட்டிக் குத்தினேன். பத்து நிமிடத்தில் வடிந்தது.

செங்கோட்டையில் அந்த ஜூனில் சாரல் தொடங்கிப் பதினெட்டாம் நாள் அம்மா வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டார். சித்தப்பாவின் மகன் மாதம் இருமுறை மாடியேறி, குழாய் வாயில் சேரும் வேப்பிலையை அள்ளி, கைப்பிடிச் சுவரில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்து எனக்குப் பதிவு அனுப்புகிறான். போன வாரப் பதிவில் கிழக்கு மூலையில், விரல் நகம் அளவில் இரண்டு இலை தெரிந்தது. வேரோடு எடுக்க ஆரியங்காவுக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன்.