க்னூஸில் ஹெடர்: திறக்கும்போதா, அனுப்பும்போதா?

ஈமேக்ஸ் எடிட்டரில் க்னூஸ் என்ற மெயில் நிரலை வைத்து மெயில் அனுப்பும்போது ஹெடர்களை, அதாவது மடலின் தலைப்பு வரிகளை, தானாக மாற்ற இரண்டு தருணங்கள் உண்டு: மடல் எழுதும் பஃபர் (ஈமேக்ஸின் எழுதும் பகுதி) திறக்கும் நேரம், அனுப்பும் விசையைத் தட்டிய நேரம். ஃப்ரம், ரிப்ளை-டூ, கையொப்பம் மூன்றும் பஃபர் திறக்கும்போதே வந்துவிட வேண்டும். தப்பாக இருந்தால் அனுப்பும் முன்பே கண்ணில் படும்.

அதற்கானது க்னூஸ்-போஸ்டிங்-ஸ்டைல்ஸ் என்ற மாறி; அது ஸ்டைல்களின் பட்டியல். ஒவ்வொரு ஸ்டைலிலும் முதல் உறுப்பு நிபந்தனை. மற்றவை பெயரும் மதிப்பும். நேம், அட்ரஸ், சிக்னேச்சர் போன்ற சில பெயர்களுக்குத் தனிப் பொருள் உண்டு. வேறு எந்தப் பெயர் கொடுத்தாலும் அது ஹெடராகச் சேரும். மதிப்பு ‘நில்’ (nil, வெறுமை) என்றால் அந்த ஹெடர் நீங்கும். பொருந்துகிற ஸ்டைல்கள் எல்லாமே வரிசையாக இயங்கும், பின்னால் வருவதே வெல்லும். அதனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொது ஸ்டைலை முதலில் வையுங்கள். கடைசியில் வைத்தால் மற்றவை எழுதியதையெல்லாம் அது அழித்துவிடும்.

நிபந்தனை வெறும் சரமாக இருந்தால் குரூப் (மடல் கோப்புறை) பெயரோடு ரெகெக்ஸாக, அதாவது பெயரில் எங்கே இருந்தாலும் பொருந்தும் வடிவமாக, ஒப்பிடப்படும். ‘வொர்க்’ என்று மட்டும் எழுதினால் ‘நெட்வொர்க்’ குரூப்பிலும் அலுவலக முகவரி வந்து உட்காரும். தொடக்கக் குறியோடு (^) முழுப் பெயரையும் எழுதுவதே சரி.

‘ஸ்டைல் வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் எம் விசை. குரூப்களைப் பட்டியலிடும் குரூப் பஃபரில் வெறும் எம் தட்டினால் கர்சர் நிற்கும் குரூப்பின் ஸ்டைல் எடுபடாது. கண்ட்ரோல்-யு சேர்த்துத் தட்ட வேண்டும். ஒரு குரூப்பின் மடல்களைப் பட்டியலிடும் சம்மரி பஃபரில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று: ஹெடரை வைத்து எழுதும் நிபந்தனை, நீங்கள் பதில் எழுதுகிற பழைய மடலின் ஹெடரைத்தான் பார்க்கும். புதிதாக எழுதும் மடலில் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

பெறுநரைப் பொறுத்து மாற வேண்டியதை அனுப்பும் முன் ஓடும் மெசேஜ்-செண்ட்-ஹூக்கில் போடுங்கள். அதில் ஒரு சிக்கல்: பஃபரை ஹெடர் பகுதிக்கு மட்டும் சுருக்க, ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. மெசேஜ்-நேரோ-டு-ஹெடர்ஸ் என்பது ஹெடரையும் உடலையும் பிரிக்கும் கோட்டு வரியோடு நின்றுவிடும். மெசேஜ்-நேரோ-டு-ஹெட் முதல் வெற்று வரிவரை போகும். எழுதும் பஃபரில் அந்தப் பிரிப்பு வரி வெற்று வரி அல்ல என்பதால், உங்கள் முதல் பத்தியும் ஹெடர் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே ‘டூ:’ என்று தொடங்கும் வரி இருந்தால் மெசேஜ்-ஃபெட்ச்-ஃபீல்டு அதையும் பெறுநராக எடுத்துக்கொள்ளக்கூடும்.

சுருக்கிய பிறகு டூ, சிசி இரண்டையும் பாருங்கள். பெறுநர் பொருந்தினால் முதலில் பழைய ஹெடரை நீக்கும் மெசேஜ்-ரிமூவ்-ஹெடர், பிறகுதான் புதியதைச் சேர்க்கும் மெசேஜ்-ஆட்-ஹெடர். சர்வர் இணைப்பு அறுந்து நீங்கள் மறுபடி அனுப்பும்போது ஹூக்கும் மறுபடி ஓடும். ஏற்கெனவே இருக்கும் ஹெடரை மெசேஜ்-ஆட்-ஹெடர் தொடாது என்பதால், நீக்காமல் சேர்த்தால் பழைய மதிப்பே போகும். 

ஃப்ரம் மாறினால் உறை முகவரியும் (சேராத மடல்கள் திரும்பி வரும் முகவரி) தானாக மாறிவிடும் என்று நம்ப வேண்டாம். செண்ட்மெயில் அல்லது எம்எஸ்எம்டிபி என்ற அனுப்பும் நிரல் வழியாக அனுப்புகிறவர்கள் மெசேஜ்-செண்ட்மெயில்-என்வலப்-ஃப்ரம் மாறிக்கு ‘ஹெடர்’ என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உறையில் பழைய முகவரியே இருக்கக்கூடும். அப்படியிருந்தால் திரும்பி வரும் மடல்களும் அந்தப் பெட்டிக்கே போகும்.

மாற்றியதும் உங்களுக்கே ஒன்று அனுப்பி, வந்த மடலில் கண்ட்ரோல்-யு ஜி தட்டுங்கள். க்னூஸ் எதையும் மறைக்காமல் மூல வடிவத்தை அப்படியே காட்டும்.